மண்ணெண்ணெயில கார் ஓடின அப்பாவுக்கு பற்றரியில என்ன பயம்?



இந்த வார எபிசோடில் பற்றரி பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். லிதியம் அயன், எல்எஃப்பி, எட்டு வருட வாரன்டி, குளிருக்கு ரேஞ்ச் குறையிறது எல்லாம் வந்தது. எடிட் பண்ணும்போது திரும்பக் கேட்டுப் பார்த்தேன். ஒரு விஷயம் மட்டும் வரவே இல்லை: கார் இரவில எங்க நிக்குது? அதனால இந்தக் கடிதம் வழமையைவிட நீளம். தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கோ.

என்ர கருத்தை முதலே சொல்லிவிடுறன். அம்மா அப்பாவுக்கு இவி பற்றிப் பிரசங்கம் பண்ணுறதை நிறுத்துவோம். முதல் பிளக், பிறகு கார். அந்த பிளக்கைக் குடுக்கிற வேலையில் பாதியை எங்கட சமூகமே செய்யலாம். செய்யாமல் இருக்கிறதுக்கு நல்ல காரணம் ஒன்றும் இல்லை.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை. பிழைவிட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

என்ர எக்செல் ஷீட்

அப்பா லண்டனில் மினிகாப் ஓடுகிறார். வீடு ஈஸ்ட் ஹாம். வரிசை வீடு. முன்னால் கார் விட இடமில்லை, வாசலைத் திறந்தால் நடைபாதை. கார் ரோட்டில்தான் நிற்கும், அதுவும் இடம் கிடைத்த பக்கம். அவருடைய கார் 2016 பிரியஸ். மினிகாப்புக்கு பத்து வயதுக்கு மேல் டிஎஃப்எல் லைசென்ஸ் குடுக்காது. 2023 ஜனவரி 1-இலிருந்து புதிதாக லைசென்ஸுக்கு வருகிற மினிகாப் எல்லாம் ஜீரோ எமிஷன் கேபபிளாக இருக்க வேண்டும் என்றும் விதி. அதாவது, பழைய மாதிரி இன்னொரு சாதாரண பிரியஸை வாங்கி ஓட ஏலாது. பிளக் இருக்கிற ஹைபிரிட், அல்லது முழு எலக்ட்ரிக். இரண்டில் ஒன்று.

நான் டெக் பாட்காஸ்ட் செய்கிற பிள்ளை. சும்மா இருப்பேனா? எக்செல் ஷீட் போட்டேன். கணக்கு இதுதான்:

அப்பா ஒரு நாளைக்கு 100 மைல் ஓடுவார் என்று வையுங்கோ. எலக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டில் மூன்றரை மைல் போகும். ஆக நாளுக்கு 29 யூனிட். இரவு நேர இவி டாரிஃபில் யூனிட் 8 பென்ஸ் அளவில் எடுக்கலாம். நாளுக்கு 2 பவுண்டு 30 பென்ஸ். பிரியஸ் கலனுக்கு 55 மைல் போனால், பெற்றோல் லிட்டர் 1.35 பவுண்டு என்று வைத்தாலும், அதே 100 மைலுக்கு 11 பவுண்டுக்கு மேல். வாரத்துக்கு ஐந்து நாள் ஓடினால் 44 பவுண்டு மிச்சம்!

பிரின்ட் எடுத்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு எலக்ட்ரிக் காரை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பம் என்று ஒத்துக்கொண்டார். எனக்குப் பெருமை.

இரண்டு வாரம் முடிய, ஃபோனில் இருந்த சார்ஜிங் பில் எல்லாத்தையும் ஒரு துண்டில் எழிக் கூட்டி, என்ர ஷீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பெற்றோலுக்குப் போகிற காசைவிட 100 பவுண்டு கூட. அதோட, ஓட்டம் முடிந்து வந்து ராத்திரி பதினொரு மணிக்கு ரேப்பிட் சார்ஜரில் வரிசையில் நின்ற நேரம் வேற.

"பிள்ளை, கணக்கு வடிவாத்தான் போட்டிருக்கிறாய். ஆனா உன்ர கணக்கு ஆற்ற வீட்டுக்கு?"

நான் போட்டிருந்தது டிரைவ்வே இருக்கிற வீட்டின் கணக்கு. எங்கட வீட்டுக் கணக்கு இல்லை. ரேப்பிட் சார்ஜரில் யூனிட் 75 பென்ஸ் அளவில் போகும். 29 யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 22 பவுண்டு. பிரியஸுக்கு அடிக்கிற பெற்றோலைப்போல இரண்டு மடங்கு.

இன்னொரு தடவை பாருங்கோ. அதே கார், அதே 100 மைல். வீட்டுக்கு முன்னால் கார் விட இடம் இருக்கிறவருக்கு 2.30 பவுண்டு. இல்லாதவருக்கு 22 பவுண்டு. இதுக்கு மேல வரி வேற: வீட்டு மின்சாரத்துக்கு வாட் 5 வீதம், பொதுச் சார்ஜரில் வாங்கினால் 20 வீதம். சொந்தமாகக் கார் விட இடம் இல்லாதவர்தான் கூட வரி கட்டுகிறார். எங்கட சனம் கனபேர் இருக்கிறது எங்கே? ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வால்தம்ஸ்டோ மாதிரி வரிசை வீட்டுத் தெருக்களில், அல்லது ஃபிளாட்டில், அல்லது கடைக்கு மேல் மாடியில்.

அதனால் யாராவது "எங்கட ஆக்கள் புது டெக்னாலஜிக்குப் பயம், பழமைவாதிகள்" என்று சொன்னால் எனக்கு இப்போ கோபம் வருகிறது. நானும் அப்படி நினைத்தவள்தான்.

சின்னப் போத்தலில் பெற்றோல்

அந்தப் பில்லை வைத்த இரவு அப்பா ஒரு கதை சொன்னார். முந்தியும் சொல்லியிருக்கிறார், நான் காது குடுத்ததில்லை.

1990-களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது. வந்தாலும் வாங்குகிற விலை இல்லை. அப்போ அப்பாவுக்கு இருபது வயது சொச்சம். ஒரு கராஜில் கைவேலை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின காலம். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். அதில் சில துளியை காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகை கண்ணை எரிக்கும், ஆனால் கார் ஓடும். கரண்ட் இல்லாத வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள்.

நான் கேட்டேன்: "இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"ஆர் சொல்லித் தாறது? ஒருத்தன் செய்து பாப்பான். சரிவந்தால் மற்றவனுக்குக் காட்டுவான். ஒரு கராஜில செய்தால் அடுத்த கிழமை ஊர் முழுக்க அப்பிடித்தான் ஓடும்."

யோசித்துப் பார்த்தால், கட்டாயத்தின் பேரில் எரிபொருளை மாற்றிய அனுபவம் உலகத்தில் எத்தனை சமூகத்துக்கு இருக்கிறது? எங்கட அப்பாமாரின் தலைமுறைக்கு இருக்கிறது. 2022-இல் இலங்கையில் பெற்றோல் கியூவில் நாள்கணக்காக நின்ற எங்கட சொந்தக்காரருக்கும் இருக்கிறது. அவர்களுக்குப் பற்றரியில் பயம் இல்லை. கணக்கு சரிவராத விஷயத்தில் இறங்கத்தான் பயம். அது பழமைவாதம் இல்லை, அனுபவம்.

அந்தக் காலத்தில் மாற்றம் பரவினது மூன்று காரணத்தால். செய்து காட்டின ஒரு ஆள் பக்கத்தில் இருந்தான். எண்ணெய் வாங்க ஒரு இடம் நடக்கிற தூரத்தில் இருந்தது. பிழைத்தால் போய்க் கேட்க ஒரு கராஜ் இருந்தது. லண்டனில் எங்களிட்ட முதலாவதும் மூன்றாவதும் தாராளமாக இருக்கு. இல்லாதது நடு விஷயம் மட்டும். கிட்டடியில், கட்டுப்படியாகிற விலையில், ஒரு பிளக்.

மாமியின் டிரைவ்வே

எங்கட பிரச்சினைக்கு வழி வந்தது டெக்கில் இருந்து இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து.

சனிக்கிழமைப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கிற பெற்றோர் என்ன கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா எங்கட கதையை அங்கே சொல்லியிருக்கிறா. எங்கட வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மாமி இருக்கிறா. முன்னுக்கு இடம் இருக்கிற வீடு, சுவரில் சார்ஜர், சின்ன எலக்ட்ரிக் கார். வாரத்தில் ஒன்றிரண்டு இரவுதான் அவவுக்கு சார்ஜர் தேவை. மிச்ச இரவெல்லாம் அது சும்மா தொங்குது.

"அண்ணையை வந்து போடச் சொல்லுங்கோ. காசெல்லாம் வேண்டாம்."

அங்கேதான் விஷயம் படுத்தது. அப்பா போகவில்லை. ஒரு தடவை இரண்டு தடவை சும்மா போடலாம். கிழமைக்கு மூன்று தரம் மற்றவரின் கரண்டை சும்மா எடுக்க எந்தத் தமிழ் அப்பா ஒத்துக்கொள்வார்? மாமிக்குக் காசு கேட்கக் கூச்சம். அப்பாவுக்குக் காசு குடுக்காமல் போகக் கூச்சம். இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் சார்ஜர் சும்மா தொங்கினது.

நான் போய்க் கதைத்து விலையை எழுதினோம். யூனிட்டுக்கு 20 பென்ஸ். எத்தனை யூனிட் போனது என்று சார்ஜரின் ஆப்பே கணக்கு வைக்கும். மாதக் கடைசியில் பேங்க் டிரான்ஸ்ஃபர். அவ்வளவுதான். எழுதின அடுத்த நாளே அப்பா போனார். வாரத்துக்கு மூன்று இரவு காரை அங்கே விட்டுவிட்டு நடந்து வாறார். ஒவ்வொரு இரவும் 45 யூனிட் அளவில் ஏறும், அவருடைய வாரத்துக்கு ஏறத்தாழப் போதும். வாரச் செலவு 30 பவுண்டுக்குள். பெற்றோலில் அது 56 பவுண்டு. மாமிக்கும் இரவு டாரிஃப் கழித்து வாரம் 15 பவுண்டு போல மிஞ்சும்.

நான் படித்த பாடம் இது: எங்கட ஆக்களுக்குள் "சும்மா" என்ற சொல் பகிர்வதைக் கெடுக்கும். விலை எழுதினால் இரண்டு பக்கமும் மானத்தோட இருக்கலாம். சீட்டுக் கட்டுகிற சனத்துக்கு இது புதுசா? மாதாமாதம் ஒழுங்காகக் காசு மாறுவதில்தான் அந்த நம்பிக்கையே நிற்கிறது.

செய்யப்போகிறவர்களுக்கு மூன்று விஷயம். வீட்டு இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிடுங்கோ. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் அனுமதி எடுங்கோ. இப்படி வருகிற சில்லறை வருமானத்தில் வருடத்துக்கு 1000 பவுண்டு வரைக்கும் வரி அறிவிக்கத் தேவையில்லை. செலவைக் கழிக்காமல் கையில் வந்த மொத்தத் தொகைக்குத்தான் அந்த எல்லை. தாண்டினால் எச்எம்ஆர்சி-க்கு அறிவிக்க வேண்டும். மாமிக்குத் தாண்டும், அதனால் அந்த ஃபோம் நிரப்புறது இப்போ என்ர வேலை.

கோயில் கார் பார்க்

ஒரு மாமியால் ஒரு மினிகாப்பைத்தான் காப்பாற்றலாம். அடுத்த கேள்வி பெரிசு: எங்கட சமூகத்திடம் இருக்கிற பெரிய கார் பார்க் எல்லாம் இரவில் என்ன செய்யுது?

கோயில், மண்டபம், சேர்ச். திருவிழாவிலும் வெள்ளி பின்னேரத்திலும் இடமில்லை என்று சண்டை பிடிப்போம். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்கு? வெறும் தார். சாதாரண 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று எட்டு மணித்தியாலத்தில் 50 யூனிட்டுக்கு மேல் குடுக்கும். நாளுக்கு 100 மைல் ஓடுகிற இரண்டு மினிகாப்புக்கு ஏறத்தாழப் போதும். நாலு சார்ஜர் போட்டால் எட்டுக் குடும்பத்தின் பிழைப்பு.

இது நடக்காத கற்பனை இல்லை. லங்காஸ்டரைத் தளமாகக் கொண்டு சார்ஜ் மை ஸ்ட்ரீட் என்று ஒரு சமூக நலச் சங்கம் இயங்குகிறது. ஊர்ச் சனம் பங்கு வாங்கிப் போட்ட காசில் வடக்கு இங்கிலாந்தின் ஊர் மண்டபங்கள் மாதிரியான பொது இடங்களில் சார்ஜர் வைக்கிறார்கள். டிரைவ்வே இல்லாத வீட்டுக்காரருக்கு நடக்கிற தூரத்தில் பிளக் வேண்டும் என்பதுதான் நோக்கம். பங்கு போட்டு, எல்லாரும் பாவிக்கிற ஒன்றைக் கட்டுறது. எங்கட சீட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி இல்லையா? ஒரு வித்தியாசம், அது பதிவு செய்த சங்கம், கணக்கு வெளியில் இருக்கும். சீட்டில் காசு போன வீடுகளும் எங்களுக்குள் இருக்கு. ஆகவே இதை வாட்ஸ்அப் குரூப்பில் காசு சேர்த்துச் செய்யாதேங்கோ. முறையாகப் பதிந்து செய்யுங்கோ. வேலைத்தலங்களில் சார்ஜர் போடத் தருகிற அரசாங்க மானியத் திட்டத்தை 2022-இல் தர்ம ஸ்தாபனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். எங்கட கோயில்கள் பல பதிவு செய்த தர்ம ஸ்தாபனங்கள்தான். இப்போது என்ன விதி, எவ்வளவு தொகை என்று விண்ணப்பிக்க முதல் அரசாங்க இணையதளத்தில் பாருங்கோ.

நான் ஒரு இடத்தில் கேட்டும் பார்த்தேன். பெயர் வேண்டாம். கமிட்டியில் பத்து நிமிடம் தந்தார்கள். வந்த கேள்விகளை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் வரும்.

"நெருப்புப் பிடிச்சால்?" நியாயமான கேள்வி. எலக்ட்ரிக் கார் பெற்றோல் காரைவிட அடிக்கடி தீப்பிடிப்பதில்லை, குறைவாகத்தான் பிடிக்கிறது. ஆனால் பிடித்தால் அணைப்பது கஷ்டம். ஆகவே கட்டிடத்தை ஒட்டி வைக்காமல், திறந்த வெளியில், மதிலோரம் வையுங்கோ. இன்சூரன்ஸ் கம்பனியை முதலே கேளுங்கோ.

"கரண்ட் பில்லை ஆர் கட்டுறது?" பாவிக்கிறவர். கார்டு தட்டினால்தான் கரண்ட் வரும். கோயிலுக்குச் செலவு இல்லை, சின்ன வரவு.

"இது கோயில் வேலையா?" இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் பதில் வந்தது. கோயிலில் அன்னதானம் குடுக்கிறோம், பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கிறோம், ஊரில் அழிவு வந்தால் காசு சேர்க்கிறோம். கோயிலுக்கு மேளகாரரை ஏற்றி இறக்கிறதும், ராத்திரி பூசை முடிய ஆச்சிமாரைக் கொண்டுபோய் விடுறதும் இந்த மினிகாப் அண்ணாமார்தான். அவர்களின் பிழைப்பு கோயில் வேலை இல்லையென்றால் எது கோயில் வேலை?

முடிவு இன்னும் வரவில்லை. "அடுத்த கூட்டத்தில பாப்பம்" என்றார்கள். தமிழ்க் கமிட்டியில் அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் அடுத்த கூட்டத்துக்கும் போவேன். அதுக்கடுத்ததுக்கும் போவேன்.

தெருவுக்கு ஒரு கடிதம்

அரசாங்கம் செய்ய வேண்டியதை நாங்கள் செய்து குடுத்து அவர்களைத் தப்பவிடச் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும்.

நோர்வேயைப் பாருங்கோ. 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது முழு எலக்ட்ரிக். அதே வருடம் இங்கே ஐந்துக்கு ஒன்று. நோர்வேக்காரர் எங்களைவிட நல்ல மனம் படைத்தவர்கள் என்பதாலா? இல்லை. 1990-இலிருந்தே வரிச் சலுகை குடுத்துக்கொண்டு வந்தார்கள். மாடி வீடுகளில் இருக்கிறவர்கள் தங்கட பார்க்கிங்கில் சார்ஜர் வைக்கிறதுக்குச் சட்டத்தில் உரிமை குடுத்தார்கள். அங்கேயும் பிளக் கதைதான்.

இங்கே வழி இல்லாமல் இல்லை. லண்டன் டபிள்யூ9-இல் சதர்லண்ட் அவெனியூவுக்குப் போய்ப் பாருங்கோ. 2020-இலேயே அந்தத் தெருவின் விளக்குக் கம்பங்களை எல்லாம் சார்ஜராக மாற்றிவிட்டார்கள். கம்பத்தில் சின்ன மூடி, அதுக்குள் சாக்கெட். வேகம் குறைவு, ஆனால் இரவு முழுக்க நிற்கிற காருக்கு வேகம் எதுக்கு? விலை வீட்டு விலை இல்லைத்தான், ஆனால் ரேப்பிட்டைவிடக் குறைவு. நடைபாதைக்குக் குறுக்கே சின்னக் கால்வாய் வெட்டி, வீட்டுக் கேபிளை அதுக்குள்ளால் காருக்குக் கொண்டுபோகிற முறையும் இருக்கு. 2025 ஜூலையில் அதுக்கென்று கவுன்சில்களுக்கு 25 மில்லியன் பவுண்டு ஒதுக்கினார்கள். வரிசை வீட்டுக்காரருக்கு வீட்டு டாரிஃபே கிடைக்கிற வழி அது.

இதெல்லாம் எந்தத் தெருவுக்கு முதலில் வரும்? கேட்கிற தெருவுக்கு. "எங்கட தெருவுக்கு சார்ஜர் வேணும்" என்று பதிகிற பக்கம் பல லண்டன் கவுன்சில்களின் இணையதளத்தில் இருக்கு. அதை நிரப்புகிறவர் யார்? ஏற்கெனவே இவி வைத்திருக்கிற, இங்கிலிஷ் தண்ணியாக வருகிற, நேரம் இருக்கிற ஆக்கள். எங்கட தெருவில் மினிகாப், டெலிவரி வான் என்று பதினொரு வாகனம் நிற்குது. ஒருவரும் பதியவில்லை. கவுன்சிலின் கணக்கில் எங்கட தெருவுக்குத் தேவையே இல்லை.

சின்ன வயதில் இருந்து எங்களுக்கு ஒரு வேலை இருந்தது, ஞாபகம் இருக்கா? வீட்டுக்கு வருகிற கவுன்சில் கடிதம், ஜிபி கடிதம், பேங்க் கடிதம் எல்லாத்தையும் வாசித்து அம்மா அப்பாவுக்குச் சொல்லுறது. எட்டு வயதில் கவுன்சில் டாக்ஸ் என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைகள் நாங்கள். அந்த வேலை முடியவில்லை. இப்போ அதே வேலையைத் தெருவுக்குச் செய்ய வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனோட கதவு கதவாகத் தட்டினேன். தமிழ் வீடு மட்டும் இல்லை, வங்காளி வீடு, ருமேனிய வீடு எல்லாம். பின்னேரத்துக்குள் ஒன்பது விண்ணப்பம். மூன்று வீட்டில் தேத்தண்ணி, ஒரு வீட்டில் சமோசா.

இதெல்லாம் எதுக்கு?

காசுக் கணக்கு மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன்.

லூயிஷமில் சவுத் சர்குலர் ரோட்டுக்குக் கிட்ட இருந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுப் பிள்ளை 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் கொரோனர் தீர்ப்பு எழுதினார். இந்த நாட்டில் அப்படி எழுதினது அதுதான் முதல் தடவை. எங்கட வீட்டுக்கு ஒரு பக்கம் நோர்த் சர்குலர், இன்னொரு பக்கம் ஏ13. என்ர தங்கச்சியின் பள்ளிக்கூடப் பையில் எப்பவும் ஒரு நீல இன்ஹேலர் இருக்கும். எலாவின் கதையை வாசித்த அன்று அந்தப் பையைத் திறந்து, இன்ஹேலர் இருக்கா என்று பார்த்தேன். இருந்தது.

எலக்ட்ரிக் கார் எல்லாத்தையும் தீர்க்காது. டயர் தூசி அதிலும் வரும். குறைவாக ஓடுகிற வீட்டுக்கு பஸ்ஸும் டியூபும்தான் நல்லது, கார் மாற்றவே தேவையில்லை. ஆனால் நாள் முழுக்க எங்கட தெருக்களுக்குள் ஓடுகிற மினிகாப்பும் வானும் மாறினால், அந்த ஒரு மாற்றம் பல வீட்டுக் கார் மாறினதுக்குச் சமன். கூட ஓடுகிற வாகனம்தான் முதலில் மாற வேண்டும். அதை ஓடுகிறவர்களுக்குத்தான் டிரைவ்வே இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்காமல் இவி மாற்றம் பணக்காரத் தெருக்களின் பொழுதுபோக்காகத்தான் இருக்கும்.

இந்த மாதம் செய்யக்கூடியது

பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நாலு வேலை.

ஒன்று. உங்கட வீட்டில் சார்ஜர் இருந்தால், அது சும்மா தொங்குகிற இரவுகளை எண்ணுங்கோ. பக்கத்தில் வாகனம் ஓடிப் பிழைக்கிற ஒருவர் இருப்பார். விலை சொல்லுங்கோ. "சும்மா போடுங்கோ" என்று மட்டும் சொல்லாதேங்கோ.

இரண்டு. உங்கட வீட்டில் இவி இருந்தால், ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அதில போங்கோ. சாவியைக் குடுக்க முதல் மற்றவர் ஓட இன்சூரன்ஸ் இருக்கா என்று பாருங்கோ, இல்லையென்றால் பக்கத்தில் இருத்திக் கூட்டிக்கொண்டு போங்கோ. போன மாத பில்லையும் காட்டுங்கோ, நல்லதும் கெட்டதும். எக்செல் ஷீட் நம்பாத மாமா, உங்கட பில்லை நம்புவார்.

மூன்று. உங்கட தெருவுக்கு சார்ஜர் கேட்டுப் பதியுங்கோ. பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கோ.

நாலு. கோயிலிலோ மண்டபத்திலோ அடுத்த பொதுக்கூட்டம் எப்போ என்று கேளுங்கோ. இரவு கார் பார்க்கை ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கோ. வெறும் தார்தான் எங்கட நல்ல ஆதாரம்.

அம்மா அப்பா இன்னும் மாறவில்லை என்றால் அவர்களோட சண்டை பிடிக்காதேங்கோ. "கார் இரவில எங்க நிக்குது?" என்று முதலில் கேளுங்கோ. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் கார் வாங்கச் சொல்லுறது, அடுப்பு இல்லாத வீட்டுக்கு அரிசி அனுப்புறது மாதிரி.

அப்பா இப்போ ஓடுவது கிட்டத்தட்ட ஒரு வருடப் பழசான ஒரு எலக்ட்ரிக் கார். போன கிழமை அவருடைய கூட்டாளி ஒருவர், அவரும் மினிகாப் ஓடுகிறவர், வந்து பொனட்டைத் திறந்து பார்க்கக் கேட்டார். அப்பா திறந்து காட்டி விளங்கப்படுத்தினார். கூலன்ட் எங்கே, சின்னப் பற்றரி எங்கே, குளிருக்கு ரேஞ்ச் எவ்வளவு இறங்கும், எந்த சார்ஜர் மோசம், எது பரவாயில்லை எல்லாம். நான் ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வயதில் அந்தக் கராஜில் இப்படித்தான் நின்றிருப்பார், கையில் சின்னப் போத்தலோட.

கூட்டாளி கடைசியில் கேட்ட கேள்வி: "எங்க அண்ணை போடுறனீங்கள்?"

அப்பா மாமியின் நம்பரைக் குடுக்கவில்லை. அது நிரம்பிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, உன்ர கோயில் கூட்டம் எப்ப?" என்று கேட்டார்.

உங்கட தெருவில், உங்கட கோயிலில், உங்கட ஃபிளாட்டில் என்ன நடக்குது என்று இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. ரொறன்ரோ, ஒஸ்லோ, சிட்னி, சிங்கப்பூர் ஆக்களும் எழுதுங்கோ, உங்கட விதிகள் வேற, கதையும் வேற. நல்ல பதில்களை அடுத்த எபிசோடில் வாசிப்போம். கமிட்டி முடிவு வந்தால் அதையும் சொல்லுறன்.

அடுத்த கிழமை சந்திப்போம்.